லாரி டியூபின் மேல் ஒரு சிவப்புப் பாவாடை

அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. பூமியைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகிப்போய்க் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறேழு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கடல் கிழக்கே கிளம்பிப் போய்விட்டது. அரியமுத்து பிறந்தது அதற்குச் சற்றுப் பின்னால், 1939இல். இந்தச் சிறு தாமதத்தைத் தவிர, மூச்சடக்கி முங்கும் மேதை ஒருவர் பிறப்பதற்கு அந்த வட்டாரத்தில் வேறு குறையொன்றும் இல்லை.

கடல் இல்லாவிட்டால் என்ன, கிணறு இருந்தது. கிணறு என்று ஒன்று இருந்தால் அதில் எதையாவது போடாமல் இருக்க மனிதரால் முடியாது. வாளி, குடம், வெங்கலச் செம்பு, மோட்டார் வந்த பிறகு ஃபுட்வால்வு, கோபம் வந்தால் மருமகளின் கொலுசு என்று சுற்றுப்பட்டு ஊர்கள் விடாமல் போட்டுக்கொண்டிருந்தன. அரியமுத்து விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சோடு ஒரு குழவிக்கல்லை அணைத்துக்கொண்டு, படியிலிருந்து ஒரு எட்டு எடுத்து வைப்பார். பிறகு இரண்டு நிமிடத்துக்கு அவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. மேலே வரும்போது கையில் சாமான் இருக்கும். கல் உள்ளேயே தங்கிவிடும். 1981 வந்தபோது நாற்பது கிராமத்துக் கிணறுகளின் அடியில் குழவிகள் கிடந்தன. அந்த வீடுகளில் சட்னி என்ன ஆனது என்பதை யாரும் ஆராயவில்லை.

அந்த ஆண்டுதான் லப்பைக்குடிக்காட்டில் சிக்கந்தர் என்பவரின் கைக்கடிகாரம் கிணற்றில் விழுந்தது. துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சிக்கந்தர், இரண்டு மாத லீவில் வந்து, கடிகாரத்தை ஊருக்குக் காட்டுவதற்காகவே நாளுக்கு ஆறு முறை தண்ணீர் இறைத்தார். ஏழாவது முறை அது கழன்றுவிட்டது. அரியமுத்து அதை எடுத்துக் கொடுத்தபோது ஓடிக்கொண்டிருந்தது. சிக்கந்தருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அண்ணே, ஒங்களுக்குன்னே அல்லா குடுத்து விட்ட மாதிரி ஒரு சாமான் வச்சிருக்கேன்" என்று உள்ளே போய், மூக்கையும் சேர்த்து மூடுகிற ஒரு முங்குகண்ணாடியைக் கொண்டுவந்தார். கடற்கரையில் எந்த வெள்ளைக்காரனோ மறந்துவிட்டுப் போனது. "அவங்க இதப் போட்டுக்கிட்டுதான் உள்ள போயி மீனக் குத்துறாங்க. மேல ஒரு மெதவை மெதக்கும். அதுல கொடி இருக்கும். ஆளு எங்க முங்கியிருக்கான்னு கொடி சொல்லிப்புடும்."

கொடி, மிதவை எல்லாம் அரியமுத்துவின் காதில் ஏறவில்லை. மீனைக் குத்தலாம் என்பது மட்டும் ஏறியது.

அரியமுத்துவின் ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பழைய குழி ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி, நாற்பதடி ஆழம். யார் விட்டதோ, விரால்கள் அதில் தொடை கனத்துக்கு வளர்ந்திருந்தன. வலை போட்டால் பாறையில் மாட்டும். தூண்டிலை அவை மதிப்பதில்லை. அரியமுத்து வீட்டுக் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார், தீட்டினார், மூங்கில் பிடியில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டி ஏற்றினார். குடை அவருடைய மனைவி பொன்னாயிக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து அது ஏழு கம்பிக் குடை. வலது பக்கம் சாய்த்துப் பிடித்தால் இடது தோள் நனையும்.

முதல் நாளே விபத்து. கிணறு என்றால் ஆள் இறங்கிய இடத்திலேயே வந்தாக வேண்டும். குழியோ ஒரு ஏரி அளவு. மேற்கே முங்கிய அரியமுத்து கிழக்கே ஒரு பாறைக்குப் பின்னால் எழுந்து, இளைப்பாற உட்கார்ந்துவிட்டார். கரையில் நின்ற பொன்னாயி நூறு வரை எண்ணினாள். இன்னொரு நூறு எண்ணினாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணி துவைக்க வந்த பெண்கள் கூடினார்கள். ஒப்பாரி தொடங்கியது.

அரியமுத்துவுக்கு எல்லாம் கேட்டது. தங்கம் என்றார்கள், தருமதுரை என்றார்கள், யாரையும் ஒரு சொல் சொல்லாத வாய் என்றார்கள். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் இதில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று மேலும் பத்து நிமிடம் பாறை மறைவிலேயே இருந்தார். வரலாற்றில் பெரிய மனிதர்கள் செய்த தவறுகளின் வரிசையில் இதையும் வைக்கலாம்.

வெளியே வந்த அன்று மாலையே பொன்னாயி தீர்ப்பைச் சொன்னாள்.

"நீ இனிமே அந்தக் குழியில எறங்கக் கூடாது. எங்கண்ணன் ஆலத்தியூர்ப் பக்கம் கல்லு ஒடைக்க ஆளு கேட்டாரு. திங்கக்கெழமை அங்க போ."

"அந்தத் தூசிய ஆறு மாசம் குடிச்சா நெஞ்சு அடைச்சுப் போயிரும் புள்ள. அப்பறம் என்னால கெணத்துலகூட முங்க முடியாது."

"முங்காத. எல்லாரும் முங்கியா சோறு தின்றாங்க?"

அரியமுத்து கணக்குப் பார்த்தார். நிலம் இல்லை, மாடு இல்லை, படிப்பு இல்லை. மூச்சு ஒன்றுதான் அவருக்கு என்று இருந்தது. அதை எடுத்துக் கல்லுக்குழியில் போடச் சொல்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்ணவில்லை. பொன்னாயி அதையும் பார்த்தாள்.

"சரி" என்றாள் கடைசியில். "நீ உள்ள இருக்கயில உசுரோட இருக்கியான்னு கரையில நிக்கிற எனக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி பண்ணு. ஞாயித்துக்கெழமை பாப்பேன். தெரிஞ்சா முங்கு. தெரியலன்னா திங்கக்கெழமை கல்லு ஒடைக்கப் போ."

அப்போதுதான் சிக்கந்தர் சொன்ன மிதவை அவர் நினைவுக்கு வந்தது.

கையில் நான்கு நாட்கள் இருந்தன. கல் லாரிக்காரர்களிடம் ஏழு ஒட்டுப் போட்ட டியூப் ஒன்றை வாங்கினார். காலையில் கெட்டியாகக் காற்றடித்து வெயிலில் வைத்தார். பதினொரு மணிக்கு எட்டாவது ஒட்டுக்கு வேலை வந்தது. வெயிலில் காற்று உப்பும், அதனால் டியூபைக் கொஞ்சம் தளர்வாகவே விட வேண்டும் என்ற உண்மையை இவ்வாறு கண்டறிந்தார். நடுவில் இருந்த ஓட்டையைக் கயிற்றுக்கட்டில் பின்னுவது போலப் பின்னினார். குத்திய மீனைப் போட ஒரு வெங்காயச் சாக்கு, குத்தீட்டியைச் செருக இரண்டு வளையம். நடுவே மூங்கில் கழியில் கொடி.

ஊர்க் குட்டையில் மிதக்கவிட்டதும் கொடி மரியாதையாகப் படுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்தினார். மறுபக்கம் படுத்தது. ஒரு நாள் முழுக்க யோசித்து, கழியைக் கீழேயும் இரண்டடி நீளவிட்டு அதன் நுனியில் மளிகைக் கடையில் கழித்துப் போட்ட எடைக்கல்லைக் கட்டினார். அந்தக் கல் கடையில் இருந்தவரை ஒரு நாளும் நேராக நடந்ததில்லை. தண்ணீரில் இறங்கியதும் கொடியை நேராக நிறுத்தியது. கழியின் அடியிலிருந்து அவர் இடுப்புக்கு அறுபதடிக் கயிறு. ஈட்டியின் வாலிலிருந்து ஒரு கயிறு வந்து அதே கயிற்றில் சேரும். உள்ளேயிருந்து சுண்டினால் மேலே கொடி தலையாட்டும்.

கொடிக்குத் துணிதான் சிக்கல். குழியின் சுவர்கள் வெள்ளை, தண்ணீர் பச்சை. இரண்டும் ஆகாது. வீட்டில் பளிச்சென்று இருந்தது பொன்னாயியின் சிவப்புப் பாவாடை ஒன்றுதான். அது ஏன் பளிச்சென்று இருந்தது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த ஊரில் சிவப்புத் துணியை யாரும் வெளியே காயப்போடுவதில்லை. சிவப்பு தெரிந்தால் வெடி என்று அர்த்தம். கல் வெட்டும் குழிகளில் வெடி வைக்கும் முன் சிவப்புக் கொடி நடுவார்கள், மூன்று விசில் ஊதுவார்கள். ஊரே விலகிப் போக வேண்டும். விலக நேரமில்லாவிட்டால் குப்புறப் படுத்துத் தலையைக் கையால் மூட வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே குப்புறப் படுக்கப் பழகிவிடும். வெயிலே படாத அந்தப் பாவாடை இருபது வருடமாக நிறம் குறையாமல் வீட்டுக்குள்ளேயே காய்ந்துகொண்டிருந்தது.

"செவப்பு வேணாமே" என்றாள் பொன்னாயி.

"தண்ணிக்குள்ள எவன் வெடி வைப்பான்?" என்றார் அரியமுத்து. அவள் வீட்டை இன்னொரு முறை துழாவிப் பார்த்தாள். வேறு துணி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. பேச்சு இதுதான்: நாற்பது எண்ணுவதற்குள் கொடி ஒரு முறை தலையாட்ட வேண்டும். நூறு எண்ணுவதற்குள் தலை வெளியே வர வேண்டும். அரியமுத்து மிதவையைத் தள்ளிக்கொண்டு நடுக்குழிக்குப் போனார். கண்ணாடியை மாட்டினார். முங்கினார். பொன்னாயி நெல் அளக்கும் கணக்கில், ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்லி, எண்ணத் தொடங்கினாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

பன்னிரண்டு எண்ணும்போது விசில் கேட்டது.

பக்கத்துக் குழியின் வெடி வாட்ச்மேன் வைத்திலிங்கம் பத்தொன்பது வருடமாக அந்த விசிலை ஊதுகிறவர். ஞாயிறு வெடி கிடையாது என்பதால் மாட்டைக் கழுவ வந்தவர், நடுத்தண்ணீரில் சிவப்பைக் கண்டார். வெடி என்று தமக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. ஆபீசில் அவருக்கு எதையும் எப்போதும் சொன்னதில்லை. கொடி இருக்கிறது, ஆகவே வெடி இருக்கிறது. லீவு நாளிலும் கழுத்தை விட்டு இறங்காத விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ரோட்டில் வந்த டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றது.

"ஏ பொன்னாயி, செவுடா நீ? ஓடு தங்கச்சி."

"சும்மா இருண்ணே. எண்ணிக்கிட்டிருக்கேன். பத்தொம்போது, இருவது... எம்புருசன் உள்ள இருக்காரு."

வைத்திலிங்கம் திகைத்தார். "உள்ளயா? அவன எப்ப வெடிக்காரனாப் போட்டாங்க?"

"இருவத்தாறு... வெடியுமில்ல, ஒண்ணுமில்ல, போண்ணே. இருவத்தேழு..."

"எனக்குச் சொல்லாமயே வேலை குடுத்துட்டானுங்க பாரு" என்று வைத்திலிங்கம் மனம் உடைந்துகொண்டிருந்தபோது, முப்பத்தொன்றில், கொடி தலையாட்டியது. ஒரு முறை அல்ல, மூன்று முறை, முழுதாகத் தண்ணீரைத் தொட்டு எழுந்தது.

"திரிய பத்த வச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்திலிங்கம் குப்புற விழுந்தார். கரையெல்லாம் விழுந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தார்கள். கண்டக்டர் பையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு விழுந்தார். நின்றது பொன்னாயி மட்டும்தான். எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.

எண்பத்தெட்டில் அரியமுத்து மேலே வந்தார். குடைக்கம்பியில் கை நீள விரால் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஊர் முழுக்க அவர் முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய விரால் இல்லையே என்று கூச்சப்பட்டார். ஆனாலும் மீனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"போதும், எந்திரிங்க எல்லாரும்" என்றார்.

எழுந்தவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒப்பாரியில் அவருக்குச் சேர்ந்த பெயர் முழுவதும் அந்தக் கால் மணி நேரத்தில் கழிந்தது. பஸ் போன பிறகும் வைத்திலிங்கம் போகவில்லை. கொடியின் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றார். பச்சை கூடாது, வெடி முடிந்ததற்கு அடையாளம் அதுதான். மற்ற நிறங்களுக்குத் துவைக்க வந்தவர்களே தடை சொன்னார்கள். எந்த நிறத்தைச் சொன்னாலும் ஏதோ ஒரு கட்சிக்காரன் அது எங்க கொடி என்பான், இன்னொருவன் அதை எப்படி நடலாம் என்பான். வானவில்லில் ஏழு நிறம் இருக்கிறது, அரியலூரில் ஒரு மிதவைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பொன்னாயி இதையெல்லாம் கேட்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவதான ஆட்டுறதாப் பேச்சு. எதுக்கு மூணு தடவ ஆட்டுன?"

ஆசையில் ஆட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். திங்கட்கிழமையும் தப்பியிருக்கும். அரியமுத்து விராலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நான் ஆட்டல புள்ள. மீனப் பாத்ததும் மறந்துட்டேன். கம்பி பட்டதும் அது கயித்த இழுத்துக்கிட்டு ஓடுச்சு."

வைத்திலிங்கம் குனிந்து விராலை ஒரு முறை பார்த்தார்.

"மீனுக்கு இருக்குற பொறுப்பு ஒனக்கு இல்ல" என்றாள் பொன்னாயி. பிறகு, "கொடியே வேணாம்" என்றாள்.

கல் உடைக்கும் சம்மட்டி அரியமுத்துவின் கண்ணுக்குத் தெரிந்தது. மிதவையைக் கரைக்கு இழுத்து, கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"அத ஏன் அவுக்கிற? கொடின்னா மீனு இழுத்தாலும் ஆடும். நானே மேல வந்து ஒக்காந்துக்கிறேன். கயித்த எங்கையில கட்டு. மீனு இழுக்குதா நீ இழுக்கிறியான்னு எனக்குத் தெரியும்."

"ஒனக்கு நீச்ச தெரியாதே."

"ஒனக்கு எண்ணத் தெரியல. அதுக்காக நான் முங்க வேணாம்னா சொல்றேன்?"

அடுத்த வாரத்துக்குள் மிதவை இரண்டு டியூப் ஆனது. நடுவில் பின்னல் பாதிக் கட்டில் அளவுக்கு விரிந்தது. எடைக்கல்லுக்கு வேலை போயிற்று. பொன்னாயியே போதுமான பாரம்.

அதன் பிறகு பல ஆண்டுகள், பழைய குழியின் நடுவில் ஒரு கறுப்புக் குடை விரிந்து மிதப்பதை ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். ஏழு கம்பிக் குடை. எட்டாவது கம்பி நேர் கீழே, இருபதடி ஆழத்தில், விரால் தேடிக்கொண்டிருந்தது. குடையைப் பற்றி விதியில் ஏதாவது இருக்கிறதா என்று வைத்திலிங்கம் ஆபீசில் கேட்டுப் பார்த்தார். அவருக்குச் சொல்லவில்லை. அரியமுத்து மட்டும் ஒரு முறைகூடக் கயிற்றைச் சுண்ட மறக்கவில்லை. நாற்பதாவது எண்ணுக்குள் சுண்டாவிட்டால், மேலிருந்து அவள் சுண்டுவாள். இடுப்புக் கயிறு அவரை விராலைப் போலவே தூக்கிக்கொண்டு வரும்.