கோணேஸ்வரி அக்காவின் முதல் ரொட்டி

கோணேஸ்வரி செய்த ஒரு வேலையைக் கஸ்பர் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அந்த மனுசி கண்மூடி இரண்டு மாதமாகிறது. ஆனாலும் அந்தப் பேச்சு எழும்பினால் கஸ்பரின் முகம் கறுத்துவிடும்.

அது ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. கனடாவில், ஸ்காபரோவின் ஒரு பிளாசாக் கடைத்தொகுதி மூலையில் கஸ்பரின் கொத்துரொட்டிக் கடை. கோயிலில் மத்தியானப் பூசை முடித்து, திருநீறு அழியாத நெற்றியோடு சனம் வாசல்வரை நிற்கிறது. முன்னுக்கு நின்றவர் கேட்டார்.

“தம்பி, மரக்கறிக் கொத்து வேணும். தட்டு கழுவினதுதானே?”

“ஓமண்ணை. இப்பதான்.”

கஸ்பரைக் கேட்டால் அது பொய்யில்லை. காலையில் ஆட்டிறைச்சிக் கொத்துப் போட்ட பிறகு ரொட்டி சுட்டுக் கொத்துகிற அந்தப் பெரிய இரும்புத் தட்டைச் சுரண்டி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் தட்டுக் கழுவ வருகிற கோணேஸ்வரி அந்த நேரம் பார்த்துத் தன் தள்ளுவண்டியோடு பின்கதவால் உள்ளே வந்தார். வந்தவர் தட்டைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார்.

“இல்லை ஐயா, துடைச்சுத்தான் கிடக்கு. கழுவேல்லை. அரை மணித்தியாலம் நில்லுங்கோ, கழுவித் தாறன்.”

பசியோடு வந்த சனம் அரை மணித்தியாலம் நிற்குமா? வாசல் வெளித்துப் போனது. ஒரு கிழவி மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

“அக்கா, உங்களுக்கு ஆர் சம்பளம் தாறது?” கஸ்பர் கத்தினார்.

“நீர்தான்.”

“அப்ப ஏன் என்ரை வயித்திலை அடிக்கிறியள்? கடை சுத்தம் எண்டு நகரசபை தந்த பச்சை அட்டை ஜன்னல்லை தொங்குது, கண் தெரியேல்லையோ?”

“அட்டை நல்ல வடிவாத்தான் தொங்குது தம்பி. அது விரதம் பிடிக்கிறேல்லை.”

கல்லாவில் நின்ற கஸ்பரின் மனைவி மரியம்மா சிரித்துவிட்டாள். கஸ்பருக்கு அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

கோணேஸ்வரி அடுப்பைத் தணித்தார். தட்டு கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. கையை மேலே பிடித்துப் பார்த்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆவி எழும்ப எழும்பச் சுரண்டினார். பிறகு தேய்க்கிற கல்லை எடுத்துத் தோளோடு சேர்த்து அமத்தித் தேய்த்தார். முன்விளிம்பில் எண்ணெய் ஓடுகிற வாய்க்காலை வழித்து, கீழே இருந்த தட்டத்தை வெளியே இழுத்துக் கழுவி, சவர்க்காரம் போட்டு, அது போகும்வரை தண்ணீர் விட்டுத் துடைத்தார். கறுத்துக் கிடந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

அதோடு முடியவில்லை. ஒரு பிடி மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, உப்பும் இல்லை எண்ணெயும் இல்லை, வெறுந்தட்டில் ஒரு ரொட்டி தட்டிப் போட்டார். சுட்டு எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மூக்கில் வைத்து மணந்து பார்த்து, பிய்த்து வாயில் போட்டார். திருகோணமலையை விட்டு வந்த நாளிலிருந்து மச்சம் மாமிசம் தொடாத வாய் அது.

“சரி. இனிப் போடும்,” என்றார். கிழவிக்குக் கொத்துப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெலிபோன் அடித்தது. “கோணேஸ்வரி அக்கா வந்திட்டாவோ?” அதற்கடுத்த வெள்ளியும் அதே கேள்வி. தட்டு கழுவினதோ என்று கேட்பார் இல்லை, அவ வந்தாவோ என்றுதான். நகரத்தின் கிழக்கு எல்லை ரூஜிலிருந்துகூடக் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மரக்கறி ஓடர் இரண்டு மடங்கானது. கஸ்பரின் கோபமும் அப்படியே.

“கடை என்ரை. வாடகை நான் கட்டுறன். பலகையிலை என்ரை பேர். வாறதுகள் அவவைக் கேக்குதுகள்!”

“பலகையை மாத்துங்கோவன்,” என்பாள் மரியம்மா. “அவவின்ரை பேர் நீளம், பலகை நிரம்பும்.”

ஆனாலும் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் கஸ்பர் கோணேஸ்வரியின் வேலையைக் களவாகப் பார்ப்பார். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு பெரிய சமையலறையில் வருசக்கணக்காக அவண் அடுப்புகள் கழுவிய கைகள் அவை. புருசன் மகேஸ்வரன் செத்துப்போனபிறகு அந்த வேலையை விட்டு, வாளியும் சுரண்டியும் வண்டியில் போட்டு, பஸ் ஏறிக் கடை கடையாக வந்தார். பக்கத்துப் பேக்கரி அவணுக்குள் தலையை விட்டு, எந்தத் தட்டில் கருவாடு அடைத்த பணிஸ் ரொட்டி வடிந்தது என்று மூக்கால் சொல்லுவார். அடுப்பு நெருப்பு மஞ்சளாக எரிந்தால் கம்பியால் துவாரங்களைக் குத்தி நீலமாக்கிவிட்டுத்தான் போவார். அதற்குக் காசு கேட்டதில்லை, நன்றியும் எதிர்பார்த்ததில்லை.

ஒருநாள் அவர் வரப் பிந்தியது. கஸ்பர் வீறாப்பில் தானே கழுவப் போய், கொதிக்கிற தட்டில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார். டாண் என்று ஒரு சத்தம். தட்டின் ஒரு மூலை பள்ளமாகிவிட்டது. அன்றையிலிருந்து முட்டை உடைத்து ஊற்றினால் அங்கேதான் ஓடும். கோணேஸ்வரி ஏசவில்லை. “கஸ்பர் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்,” என்று பிளாசா முழுக்கச் சொன்னார். ஏசியிருக்கலாம்.

ஆனால் கஸ்பர் மறக்காதது வேறொன்று. ஒரு வெள்ளிக்கிழமை கோணேஸ்வரி முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கழுவினார். வாசலில் சனம். ரொட்டியைச் சுட்டுக் கடித்தவர் நிறுத்தினார். கடுதாசியில் துப்பினார்.

“என்னக்கா?”

“இறைச்சி மணக்குது.”

கஸ்பரும் பிய்த்து மணந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. “உங்கடை மூக்குக்குத்தான் மணக்கும். ஒருத்தருக்கும் தெரியாது, விடுங்கோ.”

“எனக்குத் தெரிஞ்சு போச்சே தம்பி.”

எண்ணெய் சுவரில் தெறிக்காமல் தட்டின் பின்னால் நிற்கிற காப்புத் தகட்டின் ஆணிகளைக் கழற்றச் சொன்னார். தகட்டுக்குக் கீழே விரலளவு கொழுப்பு உறைந்து கிடந்தது. முதலிலிருந்து தொடங்கினார். சனம் அன்றைக்குப் போகவில்லை. நின்றது. கஸ்பரும் வெந்நீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தார்.

போன மாரியில் கோணேஸ்வரி வராமல் விட்டார். ஈரலில் நோய், கடைசிக் கட்டம் என்று மகள் மிதுஷா சொன்னாள். கஸ்பர் ஒரு சின்னப் பலகையில் ‘மரக்கறிக் கொத்து இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டார். கேட்டவர்களிடம், “கழுவ ஆளில்லை,” என்றார். நட்டம்தான். அந்த மனுசி இல்லாமல் ‘ஓமண்ணை’ என்று சொல்ல வாய் வரவில்லை.

கஸ்பரும் மரியம்மாவும் ஆசுப்பத்திரிக்குப் போனபோது கோணேஸ்வரி கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். கண் மட்டும் பழைய கண்.

“பலகை தொங்குதாம். மிதுஷா சொன்னவள். ஏனப்பா?”

“நீங்கள் வந்து கழுவுங்கோ, எடுக்கிறன்.”

“நான் இனி எங்கை வாறது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நான் செத்த முப்பத்தோராம் நாள் கிரியைக்குச் சோறுகறி மண்டபத்திலை குடுப்பினம். ஆனா வாற சனத்துக்கு மரக்கறி ரொட்டி உம்மடை தட்டிலைதான் சுட வேணும். எல்லாரும் விரதக்காரர்.”

“கதையைப் பாருங்கோ,” என்று கஸ்பர் உறுமினார். “ஆர் நம்பித் தின்னுறது? கோணேஸ்வரி அக்கா கழுவினவவோ எண்டு கேப்பினமே, என்ன சொல்ல?”

“கஸ்பர் கழுவினவர் எண்டு சொல்லும்.”

மரியம்மா போர்வையை இழுத்துவிட்டாள்.

“பின்தகட்டைக் கழட்டும். உம்மடை குளத்தைக் கடைசியாத் தேயும்,” என்றார் கோணேஸ்வரி. “முடிய, உப்பில்லாமல் ஒண்டு சுடும். முதல் ரொட்டியை நீர் தின்னும், தம்பி. மணந்தால் திருப்பிக் கழுவும்.”