கண்ணாடிக்கு வெளியே றிக்சன்

இந்து சமுத்திரத்திலேயே தன் முகத்தைத் தானே அதிகம் பார்த்த மனிசன் உப்புவெளிச் சலூன்காரர் றிக்சன்தான். அவரின்ர கண்ணாடி வெயிலுக்கு ஒருக்கால் மின்னினால், துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் வெளிச்சவீடு இடம்மாறிவிட்டதோ என்று தடுமாறும். கதிரையில் இருக்கிறவரின் தலைக்கு மேலால் இருபது வருசமாக அவர் பார்ப்பது தன்னைத்தான்.

அப்படிப்பட்டவருக்குத் தன் படம் ஒன்றும் பிடிக்காமல் போனது, அக்காவின் மகள் தினுஷாவுக்கு விளங்கவே இல்லை. படிப்பில் பாதி, போனில் முழுசு அவள்.

படம் றிக்சனின் மனிசி இன்பமலர் மாமிக்கு. குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய் நாலு வருசம்; நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறா. வேலை செய்கிற வீட்டில் வீடியோவில் கதைக்க விடுவதில்லை, குரல் மட்டும்தான். "எயாப்போட்டில என்னை ஆரோ எண்டு நினைச்சுத் தாண்டிப் போயிட்டா?" என்பதுதான் றிக்சனின் பயம்.

ஊருக்கெல்லாம் சாயம் பூசுகிறவர் தன் தலைக்குப் பூச, அது செம்பட்டையாய்ப் போனது. அதனால்தான் படம் கறுப்பு வெள்ளை. பவுடர் டின்னில் போனைச் சாத்தி, தன்னைத் தானே எடுத்து, தினுஷாவிடம் நீட்டினார்.

"வடிவாப் பார்த்துச் சொல்லு பிள்ளை. இதில என்ன பிழை?"

"மூஞ்சிதான் மாமா. மற்றதெல்லாம் நல்லாயிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவள் படத்தில் அவருக்குப் பின்னால் தொங்கிய துவாயை அழித்தாள். கண்ணுக்குக் கீழிருந்த நிழலைக் குறைத்தாள். கன்னத்தை மினுக்கினாள்.

"இது ஆரோ வங்கி மனேஜர்," என்றார் றிக்சன்.

சுருக்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"இது அவற்ர தமையன்."

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"தெரியேல்லை பிள்ளை. மூக்குச் சரி. வாயும் சரி. எல்லாம் சேர்ந்தா நான் இல்லை."

தினுஷாவுக்குத் தலை சுற்றியது. பகிடிக்கு, ஒன்றுமே திருத்தாத முதல் படத்தை எடுத்து, இடம் வலமாகப் புரட்டி நீட்டினாள்.

றிக்சன் எழும்பியே நின்றுவிட்டார். "இதுதான் நான். இதை மாமிக்கு அனுப்பு."

சிரிக்க வாயெடுத்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பி மாமாவைப் பார்த்தாள். இடக்கன்னத்து மச்சம் படத்தில் வலக்கன்னத்தில் இருந்தது. கண்ணாடிக்குள் இருக்கிற இந்த முகத்தைத் தன் முகம் என்று பார்த்துப் பழகியவர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான். மாமி பழகியது கண்ணாடிக்கு வெளியே இருக்கிற முகத்தோடு.

சொல்லலாம். ஆனால் மனிசன் இவ்வளவு சந்தோசமாக நிற்கிறாரே.

அவரின் போனிலேயே, புரட்டாத முதல் படத்தை அனுப்பினாள். "போயிட்டுது மாமா."

அடுத்தநாள் மாமியின் குரல்பதிவு வந்தது. றிக்சன் நுரைக் கையோடு சத்தமாகப் போட்டார்.

"ஓம், இதுதான் நீங்கள். அந்தப் பழந்துவாயும் பின்னால. நான் கன நேரம் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு மாமிக்குப் போன படத்தைத் திறந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தார். மச்சம் கண்ணாடியில் இந்தப் பக்கம், படத்தில் அந்தப் பக்கம். தலையைச் சரித்தார். போனைச் சரித்தார். பிறகு கையைக் கொண்டுபோய்த் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

தினுஷா குனிந்து, தும்புத்தடியால் வெட்டிய முடியைக் கூட்டத் தொடங்கினாள்.

கண்ணாடிக்குள்ளால் அவளையே கொஞ்சநேரம் பார்த்தார் றிக்சன்.

"நீ ஒருநாளும் இந்தக் கடையில தும்புத்தடி தொட்டதில்லையே. எந்தப் படத்தை அனுப்பினனீ?"