பெரியப்பா மறைத்துச் சாப்பிட்ட மாத்திரை

என் பிள்ளைகளுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய தம்பியான நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா பிறந்தது இலுப்பூருக்குப் பக்கத்தில். எங்கள் அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி, போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் வேலை பழகினார். பிறகு அன்னவாசலில் சொந்தக் கடை போட்டார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான், உங்களைக் காலேஜில் சேர்த்தபோது கூட வந்து வரிசையில் நின்றதும் அவர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆனால் பொறாமை உண்டு. இதை மலரில் எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

“எழுதுங்க தம்பி. அத விட்டுட்டீங்கன்னா வேற யாரையோ பத்தி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சிருவாங்க” என்றார்.

அந்தப் பொறாமை முழுவதும் ஒரே ஆள் மேல்தான். பெரியம்மாவின் அண்ணன், நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா மாடி எடுத்தால் பெரியப்பாவும் மாடி எடுக்க வேண்டும். மாமா மீசைக்கு மை பூசினால் இவரும் பூச வேண்டும். அந்த வேகத்தில்தான் கடையே வளர்ந்தது. நாமும் அதில் சாப்பிட்டோம்.

வயதானதும் போட்டி வியாதியில் வந்து நின்றது. பெரியப்பாவுக்கு நெஞ்சு படபடத்தது. துடிப்பு தாளம் தப்புகிறது என்று சொல்லி, திருச்சி டாக்டர் அமியோடரோன் என்ற மாத்திரை எழுதினார். படபடப்பு அடங்கியது. மாமாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு. அவருடைய டாக்டர் எழுதியது சிம்வாஸ்டாட்டின். இரண்டு பேரும் காலையில் கண்மாய்க் கரையில் நடப்பார்கள், நானும் கூடப் போவேன். ஒரு நாள் மாமா ரத்தப் பரிசோதனைத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

“மாப்ள, கெட்ட கொழுப்பு பாதியா எறங்கிருச்சு. டாக்டரே கையைப் புடிச்சுக் குலுக்கிட்டாரு.”

“அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு மாட்டிர வேண்டியதுதானே மச்சான்?”

“மாட்டத்தான் போறேன். ஒங்களுக்கு எப்படி?”

“லேசாத்தான் இருக்காம். சாப்பாட்டுல கொறைங்கன்னு சொல்லிட்டாரு.”

“லேசுன்னா மாத்திரை தர மாட்டாங்க மாப்ள. அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்!”

மாமா விளையாட்டாகச் சொன்னார். பெரியப்பா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மாமா வீட்டுக் குப்பையில் கிடந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் அதைக் காட்டி அதே மாத்திரையை வாங்கினார். தன் கடையில் காப்பர் வயர் சுருள்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தினமும் சாப்பிட்டார். அடுத்த பரிசோதனையில் மாமாவைவிடக் குறைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சில வாரங்களில் தொடை வலித்தது. பிறகு தோள்பட்டை. சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. குத்தவைத்து வேலை பார்க்கிற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டார். கரையில் மாமா முந்திப் போனார்.

“என்ன மாப்ள, வண்டி இழுக்கலையா?”

“செருப்பு கடிக்குது மச்சான். நீங்க போங்க, வாரேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே” என்றேன் நான்.

“மெதுவாப் பேசுடா, அவரு காதுல விழுகப் போகுது.”

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போன அன்றுதான் பெரியம்மா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் பெரியப்பா. நாட்டு மருந்து, மற்றவர்களுடைய மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார். அதற்கும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். மாமா டீ வாங்கப் போன பிறகுதான் பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“மச்சான் சாப்பிடுற கொழுப்பு மாத்திரைடா. அவருகிட்ட மட்டும் சொல்லிராத.”

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். கொழுப்பு மாத்திரை கெட்டதில்லை. இதய நோயாளிகள் பலருக்கு அது கட்டாயம் வேண்டும். துடிப்பு மாத்திரையும் நல்லதுதான். ஆனால் சிம்வாஸ்டாட்டின் கல்லீரலில் கழிந்து போவதை அமியோடரோன் தடுக்கிறது. அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய்ச் சிலருக்குத் தசையைக் கரைத்துவிடும். கரைந்த தசை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இரண்டு வியாதியும் இருப்பவருக்கு வேறு கொழுப்பு மாத்திரையோ குறைந்த அளவோ டாக்டர் பார்த்துத் தருவாராம்.

சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி டயாலிசிஸ் செய்தார்கள். பேச்சுவாக்கில் மாமாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேனே மாப்ள.”

“ஒங்ககிட்ட கேக்குறதுக்கு இதுவே மேல் மச்சான்” என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. உடம்பு தாங்கவில்லை.

பிள்ளைகளே, எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்தவர் அட்டையைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். டாக்டர் கொடுத்ததைப் பயந்து நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். தசை வலியோ சோர்வோ வந்தால், சிறுநீர் நிறம் மாறினால், அன்றைக்கே போங்கள். கூட யார் நின்றாலும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும், டயாலிசிஸ் அறையில் அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், கடையைத் திறந்து நடத்திய வேலையாட்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர் அவர். அதே மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறார். அவருக்கு அது ஒத்துக்கொள்கிறது, சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவர் கையை வீசி விறுவிறுவென்று நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கும் அண்ணன் வயதுதானே, இந்த நடை அண்ணனுக்கு ஏன் இல்லை என்று. மனதில் வைத்திருக்க முடியாமல் அவரிடமே சொல்லிவிட்டேன்.

“நல்லா எரியட்டும் தம்பி” என்றார். “மாப்ள போனதுல இருந்து எம்மேல பொறாமப்பட ஆளே இல்லாமக் கெடந்தேன்.”

அவருக்கும் நன்றி. நெடுநாள் நடக்கட்டும். என் வயிறு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும்.