காலமானவருக்கு ஒட்டிய நோட்டீஸ்

நில எடுப்பு அலுவலகத்தில் வழக்குப் பிரிவு என்பது யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளும் இடமல்ல. யாரையாவது பிடிக்காமல் போனால் அங்கே தள்ளிவிடுவார்கள். என்னைத் தள்ளியது தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில். எந்தக் கோபத்தில் தள்ளினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கோர்ட்டில் அரசாங்கம் தோற்றுவிட்டால், மேல்முறையீடு போகலாமா வேண்டாமா என்று சென்னையில் இருக்கும் அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து கேட்க வேண்டும். கேட்பது, வராவிட்டால் நினைவூட்டுவது, நினைவூட்டியதை நினைவூட்டுவது, இதுதான் என் வேலை.

"ஃபைல் மேலே போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே உட்கார்ந்து அதைச் சொல்பவர்களும் கிட்டத்தட்ட உங்கள் நிலைமையில்தான் இருக்கிறோம் என்றால் நம்ப மாட்டீர்கள். எங்களுக்கு ஃபேன் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மடியில் ஒரு ஃபைல்

தபாலில் அனுப்பினால் கருத்து வருவதற்குள் தாசில்தாரே மாற்றலாகிப் போய்விடுவார். அதனால் ஆள் கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். காலை மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை நான் போவேன். கூடுவாஞ்சேரியில் ஏறும் பெண்கள் கீரை ஆய்வார்கள், பூ கட்டுவார்கள். நான் துணிப்பையில் கட்டுக்கட்டாகக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கினால் நழுவிவிடுமோ என்று விழித்திருப்பேன்.

கருத்து கேட்டு நாங்கள் எழுதும் கடிதத்திலேயே கருத்து இருக்கும். "இது மேல்முறையீட்டுக்கு உகந்த வழக்கு எனக் கருதப்படுவதால் தங்கள் மேலான கருத்தினை அருளுமாறு" என்றுதான் எழுதுவோம். காரணம் சுலபம். தோற்ற வழக்கை அப்படியே விட்டால் தணிக்கையில் கேள்வி வரும். மேலே போய் மறுபடி தோற்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை எங்கள் தாசில்தாரிடம், நிச்சயம் தோற்கப் போகிற ஒரு வழக்கைக் காட்டி, இதற்கும் அதே வாக்கியம்தானா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வக்கீலுங்க எதை எழுதினாலும் சரிம்மா, அதை நான் எழுதலன்னு ஃபைல்ல இருந்தா போதும்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்

ஒரு நிலத்தை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். வந்துவிட்டால், நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த அரசிதழ்கள் எங்கள் அலுவலகத்தின் பின்னறையில், பிரிக்கப்படாத கட்டுகளாகக் கூரை வரை கிடந்தன. எங்களைத் தவிர அவற்றைப் பார்த்தவை கரையான்கள்.

மதுராந்தகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பென்ஷன் பணத்தில் மனை வாங்கியிருந்தார். வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அது அரசிதழில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார், ஒரு பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "எனக்குத் தெரியும்னு சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியாம போச்சு" என்றார்.

வாங்குகிறவர் பெயர்

அஞ்சலை என்று ஒரு பெண். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். கால்வாய்க் கரைப் புறம்போக்கில் குடிசை. மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வரும். சட்டி பானையோடு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பார்கள். அவர்களுக்காக மேட்டில் ஒரு நிலத்தை அரசாங்கம் எடுத்து, ஆளுக்கு மூன்று சென்ட் என்று பந்தல் போட்டு, மைக் வைத்து, பட்டாவும் கொடுத்திருந்தது. நிலத்தை அளந்து காட்டத்தான் யாரும் வரவில்லை. சர்வேயர் சங்கிலியோடு போன அன்று, நிலத்துக்காரரின் மகன்கள் கோர்ட் தடையுத்தரவோடு நின்றார்கள்.

அஞ்சலை முதலில் வந்தது அரசிதழைக் கேட்டு. அதில் தன் பெயர் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படித்துக் காட்டினேன். சர்வே எண் இருந்தது, நான்கு எல்லை இருந்தது, நிலத்துக்காரர் பெயர் அவருடைய அப்பா பெயரோடு இருந்தது. நிலம் கொடுப்பவர் பெயரைத்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். சிரித்தாள். "இன்னா மேடம் இது, பொண்ணு பேரு போடாம கல்யாணப் பத்திரிகை அடிச்சா மாதிரி கீது" என்றாள்.

கணக்கில் யாரும் சாவதில்லை

அந்த வழக்கில் அரசாங்கம் தோற்றது. ஏன் தோற்றது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன். நிலம் எடுப்பதற்கான நோட்டீஸ் யார் பெயருக்குப் போனதோ அந்த நிலத்துக்காரர், அதற்குப் பல வருடம் முன்பே காலமாகிவிட்டார். அரசிதழிலும் அவர் பெயர்தான். காலமானவரை விசாரணைக்கு வரச் சொல்லி, அவர் வராததால் ஆட்சேபணை இல்லை என்று பதிவு செய்து, நிலத்தை எடுத்துவிட்டோம். ஈசிஆர் ரோடு அகலமாகி அங்கே சென்ட் விலை ஏறியதும் மகன்களுக்கு அப்பா இறந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் ஜில்லாவில் பாதி நிலம் இப்படித்தான். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும். பேரன் வரி கட்டுவான். ரசீது தாத்தா பெயருக்கே எழுதப்படும். பெயர் மாற்ற வேண்டுமென்றால் எங்களைப்போன்ற அலுவலகத்துக்கு நடக்க வேண்டுமே என்ற பயம். நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டியவர் அந்தக் கிராமத்துத் தலையாரி மாணிக்கம். ஒட்டிய கதவுக்குப் பின்னால் கூடத்தில் நிலத்துக்காரரின் படம் மாலையோடு மாட்டியிருந்ததும் அவருக்குத் தெரியும். பாடைக்குத் தோள் கொடுத்தவரே அவர்தான். விளக்கம் கேட்டு வரவழைத்தோம். தாசில்தார் மேசையை ஒட்டிக் கைகட்டி நின்று, துளியும் பதற்றமில்லாமல் சொன்னார்: "ஊர்ல செத்துட்டாருங்க, ரிஜிஸ்தர்ல உசுரோடதான் கீறாரு, நானு ரிஜிஸ்தர்ப்படிதான ஒட்டணும்?"

ஃபைலில் இல்லாதவர்கள்

மேல்முறையீட்டுக்குக் கருத்து கேட்டு அந்த ஃபைலோடு எத்தனை முறை ரயில் ஏறினேன் என்று எண்ணவில்லை. கருத்து வரவில்லை. கெடு முடிந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், அதற்கும் ஒரு கருத்து வேண்டும். நடுவில் ஒரு மழைக்காலம் வந்துபோனது. அஞ்சலை மாதம் ஒருமுறை வருவாள், ஓட்டல் விடுமுறை நாளில். பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். கேள்வியெல்லாம் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் வரும் நாளில் எனக்குக் காலையிலேயே எரிச்சல் வரும். அவள்மேல் இல்லை, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் சென்னையில், அரசு வழக்கறிஞரின் அறையில், கருத்தை எழுதிக்கொண்டிருந்த இளம் வக்கீல் முன்னால் உட்கார்ந்தேன். கெட்டிக்காரப் பையன், நேர்மையானவன். எங்கள் 'உகந்த வழக்கு' வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இறந்தவருக்குக் கொடுத்த நோட்டீஸை எந்தக் கோர்ட்டும் ஏற்காது, மேல்முறையீடு வீண், வேண்டுமானால் வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றான். சட்டப்படி அது சரி. ஆனால் முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்றைய விலை கொடுக்க வேண்டும், அதற்கு நிதி இல்லை என்று மேலிடம் ஏற்கெனவே கைவிரித்திருந்தது. மகன்களோ நிலத்தை ஒரு ரிசார்ட்டுக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். நான் அதுவரை எந்த வக்கீலிடமும் கேள்வி கேட்டவளில்லை. அன்று, பட்டா வாங்கி வைத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டுவிட்டேன். அவன் உண்மையாகவே ஃபைலை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தான். பிறகு, "மேடம், அவங்க இந்தக் கேஸ்ல பார்ட்டியே இல்லையே" என்றான்.

கையில் கொடுத்தது

கருத்தின் கடைசிப் பத்தியில் அவன் ஓர் அறிவுரையும் எழுதியிருந்தான்: இனி எந்த நோட்டீஸானாலும் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மேலிடத்துக்கு அந்தப் பத்தி மட்டும் ரொம்பப் பிடித்துப்போய் சுற்றறிக்கையாகவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகம் கொடுக்க வேண்டியிருந்த முதல் நோட்டீஸ், நிலம் இல்லாத அந்தப் பட்டாக்களை ரத்து செய்யும் நோட்டீஸ்.

ஜீப்பில் போனோம். மழை விட்டு நான்கைந்து நாள் ஆகியிருந்தது. கால்வாய்க் கரையில் பாய்களும் பாடப்புத்தகங்களும் காய்ந்துகொண்டிருந்தன. தலையாரி மாணிக்கம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஆள் முன்னால் வந்ததும், முகத்தைப் பார்த்து, 'உயிருடன் உள்ளார்' என்று எழுதி என்னிடம் காட்டினார். ஒரு கிழவி போன வருடம் இறந்திருந்தாள். அவள் பெயரை அங்கேயே அடித்துவிட்டு, மகளின் பெயரை எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கினோம். தப்பே இல்லாத வேலை. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அஞ்சலை கையெழுத்துப் போடத் தெரிந்தவள். போட்டாள். இடுப்பிலிருந்து உறையை எடுத்து, பட்டாவை உருவிக் கொடுத்துவிட்டு, காலி உறையை மறுபடி மடித்துச் செருகிக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மாணிக்கத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அந்தாளு செத்ததே உங்களுக்குத் தெரியல மேடம், நாங்க உசுரோட கீறது மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?" என்றாள்.

நான் வழக்குப் பிரிவில் இருந்த காலம் முழுவதிலும் எங்கள் அலுவலகம் சட்டப்படி ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்த நோட்டீஸ் வேலை அது ஒன்றுதான் என்பதால், அதற்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.