சமரசச் சுவர்

குற்றாலத்தில் சீசன் என்பது ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம். பஞ்சாயத்து போர்டு மெம்பர்களின் சண்டைக்கு மட்டும் அந்தக் கணக்குக் கிடையாது. அது சித்திரை வெயிலிலும் கொட்டும். நான் சொல்வது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம். அருவிக்குப் போகும் பாதையில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். முன்னால் இரண்டு பெஞ்சு, உள்ளே தரையில் இலை போட இடம், ஓலைத் தட்டிக்குப் பின்னால் நானும் அடுப்பும். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். ஊரை ஆள வந்தவர்களின் யோக்கியதையை இட்லி வேகும் நேரத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

போர்டில் பிரசிடெண்டு கட்சி என்று ஒன்று, எதிர்க்கட்சி என்று ஒன்று. கொள்கை என்னவென்று கேட்டால் இரண்டு பேருமே மூச்சு வாங்காமல் பேசுவார்கள். கேட்டு முடித்த பிறகு எது யாருடைய கொள்கை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவர் சரி என்றால் அவர் கூடாது என்பார், அவ்வளவுதான். தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதில் ஒரு வருஷம் சண்டை போட்டார்கள். அந்த வருஷம் முழுவதும் நாங்கள் இருட்டில் நடந்தோம். ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் கோபப்பட்டார்கள், பிறகு பந்தயம் கட்டினார்கள், கடைசியில் அதுவும் அலுத்துப்போய் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

எனக்கும் அது வேடிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு வருஷம் பங்குனியில் என் தங்கையை ஆய்க்குடியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். தலைப்பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊட்டினால் தின்பாள், இல்லாவிட்டால் இல்லை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, சீசன் தொடங்கியதும் தினமும் தலைக்கு எண்ணெய் வைத்து அருவியில் நிறுத்துங்கள், தெளிந்துவிடும் என்றார். சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எத்தனையோ ஊரிலிருந்து அதற்காகவே கூட்டிவருவார்கள்.

அவளுடைய மாமனார் ஒரு கெடு வைத்தார். ஆடி முடியட்டும், அதற்குள் பெண் தெளிந்தால் அழைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ஆவணி முகூர்த்தத்தில் மகனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்றார். வாசுதேவநல்லூரில் பெண்ணைப் பார்த்தே வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இந்த மாமனார் வேறு யாருமில்லை, ஆய்க்குடியில் குடியிருந்தாலும் குற்றாலத்தில் சொத்து வைத்திருந்த நம் போர்டு மெம்பர்தான். பிரசிடெண்டு கட்சி.

அந்தக் கோடையில் போர்டு எடுத்துக்கொண்ட விவகாரம் அருவிச் சுவர். அதுவரை ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே வருஷா வருஷம் ஓலைத் தட்டி கட்டுவார்கள். நாலு நாள் சாரலில் அது கிழிந்து தொங்கும். கல்லுச் சுவர் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள், நல்ல யோசனைதான். பிரசிடெண்டு கட்சி பாறையில் ஓர் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டது. உடனே எதிர்க்கட்சி பத்து முழம் தள்ளி இன்னொரு கோடு போட்டது. தங்கள் கோட்டில் கட்டினால்தான் பெண்களின் மானம் காப்பாற்றப்படும் என்று இரண்டு கட்சியும் நோட்டீஸ் அடித்து விநியோகித்தது. எங்கள் மானத்தைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் கடைக்கு வந்து, பருப்பில் ஏன் நெய் போதவில்லை என்று மட்டும் கேட்டார்கள்.

நடுவில் கொத்தனார் பற்றி ஒரு சண்டை. செங்கோட்டையிலிருந்து கொத்தனார் வந்தார். அது திருவிதாங்கூர் சமஸ்தானம், நம் ஊர் வேலையை அந்நிய நாட்டானுக்குக் கொடுப்பதா என்று எதிர்க்கட்சி கூட்டம் போட்டுக் கர்ஜித்தது. கர்ஜித்தவரின் மாமியார் வீடு செங்கோட்டையில்தான் இருந்தது. கூட்டம் முடிந்து அந்த ராத்திரியே அங்கே விருந்துக்குப் போனார்.

கடைசியில் மேலேயிருந்து ஓர் அதிகாரி வந்து இரண்டு பக்கமும் பேசி, சமரசம் செய்தார். சமரசம் என்னவென்றால், இரண்டு கோட்டுக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து, சரிபாதியில் சுவர். யாருக்கும் தோல்வியில்லை. இரண்டு கட்சியும் கைதட்டி, ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். அப்போது சித்திரைக் கடைசி. அருவி வற்றிப்போய் பாறை காய்ந்து கிடந்தது. தண்ணீர் வந்தால் எங்கே விழும் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அதில் குளித்தவர்கள். ஆனால் அதைச் சொல்கிறவன் இரண்டு கோட்டில் ஏதோ ஒன்றின் பக்கம் சாய்ந்தவன் ஆகிவிடுவானே. அதனால் வாயை மூடிக்கொண்டு கைதட்டினார்கள்.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. ஒரு நாள் காலையில் மேலே இரைச்சல் கேட்டு ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. பேரருவி நேராக வந்து சுவரின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் சீசனில் முதலில் குளித்தது போர்டு சுவர்தான், குளிர்ச்சியாக, ஒரு துளி வீணாகாமல். அதில் பட்டுப் பிரிந்த தண்ணீர் ஆண்கள் பக்கம் ஒழுங்காக விழுந்தது, பெண்கள் பக்கம் மட்டும் சல்லிக் கல்லை வாரி வீசியது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறுநாள் சிரிப்புப் போய்விட்டது. போர்டு அவசரமாகக் கூடி, விசாரணை முடியும் வரை பெண்கள் பக்கத்தை மூடுவதென்று தீர்மானம் போட்டது. ஆண்கள் பக்கம் திறந்தே இருக்கும். சுவரை இடித்தால் என்ன என்று கேட்டால், இடிக்கச் சொல்கிற கட்சி தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். அதனால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். குறுக்கே மூங்கில் கட்டி தோளில் டவாலிப் பட்டை மாட்டிய போர்டு சேவகன் ஒருவனைக் காவலுக்கு நிறுத்தினார்கள். ஆனி முழுவதும் அப்படியே போயிற்று. என் தங்கை பாயை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆடி முதல் வாரத்தில் மாமனார் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். இலை எடுத்த பிறகு நான் தட்டியைத் தாண்டி வெளியே வந்து நின்றேன். ஆடி பிறந்ததும் எதிர்க்கட்சி, பெண்கள் பக்கத்தைத் திறக்கத் தீர்மானம் கொண்டுவந்திருந்தது. போர்டில் இரண்டு கட்சிக்கும் சமபலம், இவர் ஒருவர் மாறினால் மூங்கிலை எடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும்.

"மாமா, நீங்க ஒருத்தர் கை தூக்கினா போதும், தொறந்துருவாங்க. உங்க வீட்டு மருமகளுக்காகத்தான் கேக்கேன்" என்றேன்.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "இங்க பாரும்மா, இது குடும்ப விசயம் இல்ல, கட்சி விசயம். நான் கை தூக்கினா அவனுவ ஜெயிச்ச மாதிரில்லா ஆயிரும்?"

அப்படியானால் கெடுவைத் தள்ளி வையுங்கள் என்றேன். அது கட்சி விஷயம் இல்லை, குடும்ப விஷயம், சொன்னது சொன்னதுதான் என்றார். இரண்டையும் ஒரே வாயால், ஒரே வெற்றிலையோடு சொன்னார். அந்த மனிதரின் முகத்தில் ரசத்தை ஊற்றலாமா என்று எனக்கு இருந்தது. ரசம் தீர்ந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் மாவாட்டுகிற அக்காவிடம் புலம்பினேன். அவள் குழவியை நிறுத்தாமலே, பொம்பளைப் பக்கத்தைத்தானே மூடினான், ஆம்பளைப் பக்கம் திறந்துதானே கிடக்கிறது என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. குளிக்க வழியில்லாமல் பொருமிக்கொண்டிருந்த பெண்கள் ஊரில் ஏராளம். எதற்கு வந்தோமோ அது கிடைக்காமல் சத்திரத்தில் அடைந்து கிடந்த வெளியூர்ப் பெண்கள் வேறு. காலையில் எல்லோரும் சேர்ந்து ஆண்கள் பக்கத்துக்கே போவோம் என்று நாங்கள் ஆள் விட்டுச் சொன்னோம்.

மறுநாள் காலையில் தங்கைக்குத் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்தேன். பாதைக்கு வந்தால், வீட்டுக்கு வீடு பெண்கள் எண்ணெய் வழிய வழிய நிற்கிறார்கள். எல்லோரும் கூட்டமாக அருவியைப் பார்த்து இறங்கினோம். அன்றைக்கென்று விசாரணைக்கு அதிகாரியை அழைத்துக்கொண்டு இரண்டு கட்சி மெம்பர்களும் அருவியின் மறுபக்கத்துப் பாதையில் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல், நெற்றியில் விபூதியோடு, நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டவர்கள். எதிரே நாங்கள், நூறு எண்ணெய்த் தலை.

காரியத்துக்குப் புறப்படும்போது எண்ணெய்த் தலை எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஒரு தலைக்கே வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவார்கள். இது நூறு. பிரசிடெண்டு நின்றார். எதிர்க்கட்சித் தலைவர் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சேர்ந்தாற்போல் திரும்பி வந்த வழியே நடந்தார்கள். மற்ற மெம்பர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த போர்டில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். தனியே நின்ற அதிகாரியிடம் சகுனத்தை எப்படி விளக்கினார்களோ தெரியாது.

ஆண்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் துண்டை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் வரை நாங்கள், அதற்குப் பிறகு அவர்கள் என்று வழக்கமாகிவிட்டது. யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. சேவகன் காலையில் எங்களைக் கண்டால் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். விசாரணைக்கு எத்தனையோ நாள் குறித்தார்கள். காலையில் புறப்பட்டால் எண்ணெய்த் தலை எதிரே வரும் என்ற பயத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

தங்கையை நான் தோளைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் நிறுத்துவேன். முதலில் மரம் போல நின்றாள். பிறகு மூச்சு முட்டி என் கையைப் பிடித்தாள். பாதி ஆடியில் ஒரு நாள் அருவிக்குள்ளேயே வாய்விட்டு அழுதாள். அன்று ராத்திரி சோறு கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பேச்சு வந்தது. நான் நடந்த விவகாரத்தையெல்லாம் சொன்னேன், மாமனார் சொன்னது உட்பட. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசி நாள் மாமனார் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பூ, பழம், புதுச் சேலை, கூட இரண்டு மெம்பர்கள். எலெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. கடை நிறைய ஆள். அவர் உட்காராமல் நின்றபடியே பிரசங்கம் தொடங்கினார். பெண்களுக்காகச் சுவர் எழுப்பிய கட்சி எங்கள் கட்சி, அதன் பலனை என் மருமகளே கண்டிருக்கிறாள், வந்து பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இலை போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தங்கைக்கு ஒரு வாழ்வு திரும்பி வருகிறதே, நம் வாயால் கெடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய துணிகளை மூட்டை கட்டினேன்.

தங்கை தலையை முடிந்துகொண்டு தட்டிக்கு வெளியே போய் அவர் எதிரே நின்றாள். பிரசங்கம் நின்றது.

"மாமா, அடுத்த வருசமும் எனக்கு இப்படி நோவு வந்தா, கை தூக்குவியளா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அவள் வண்டியில் ஏறியிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, கூட வந்த இரண்டு மெம்பர்களின் முகத்தைப் பார்த்தார்.

அவள் உள்ளே வந்தாள். என் கையிலிருந்த மூட்டையை வாங்கி அவிழ்த்தாள்.

"அக்கா, வண்டியப் போகச் சொல்லு."

ஆவணியில் ஆய்க்குடியில் அவள் புருஷனுக்கு மறுபடியும் மேளம் கொட்டியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று போனவர்கள் வந்து சொன்னார்கள். என் தங்கை அன்று காலையில் வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு கடைக்கு இட்லி ஊற்றினாள். அந்த வீட்டைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.