மூன்றாவது முறை போட்ட வரப்பு

கெலமங்கலம் போகும் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் புதிய கம்பெனிக்காக நிலத்தை நிரவிக்கொண்டிருக்கிறார்கள். ஜேசிபி டிரைவர் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பக்கத்து ராகிக் கொல்லையில் ஒரு பெண், ஜேசிபி தள்ளிவிட்ட மண்ணையே மம்பட்டியால் இழுத்து வரப்பு போடுகிறார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் ஏனென்று கேட்கிறேன்.

“கம்பெனிக்கு எடம் கேட்டாங்க, தரலன்னேன். அதுக்குத்தான் வரப்ப நெரவுறாங்க. இது மூணாவது வாட்டி.”

“நாளைக்கும் நெரவிட்டா?”

“நெரவட்டும். அவங்களுக்கு டீசல் செலவு. எனக்கு மண்ணும் என்னுது, கையும் என்னுது.” மம்பட்டியின் பின்பக்கத்தால் மண்ணைத் தட்டுகிறார். “மழத்தண்ணி நிக்கறதுக்கும் இதான், நடக்கறதுக்கும் இதான். இது போச்சுன்னா, எது என் எடம்னு நாளைக்கு எனக்கே எவனாவது வந்து காட்டுவான்.”

பஸ்ஸைப் பார்க்கிறார். “கெளம்ப நேரமாவும் போல. செருப்ப கழட்டிட்டு ஏறி மிதிங்க சார். மிதிபட்டாத்தான் புது வரப்பு நிக்கும்.”

ஏறுகிறேன். ஈரமண் விரலிடுக்கில் பிதுங்குகிறது. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள், கம்பெனி யூனிஃபார்மோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவர்களும் ஏறுகிறார்கள்.

டிரைவர் கை கழுவிவிட்டு ஜேசிபியை ஸ்டார்ட் செய்கிறார். தரை அதிர்கிறது. நாங்கள் மூவரும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறோம்.

அவர் வண்டிப் பக்கம் திரும்பவேயில்லை.

“இன்னும் அழுத்தி மிதிங்க.”