மாமா முதுகில் மூன்று மிதி

நான் காலால் பிறந்தவன் என்பது சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. எல்லாப் பிள்ளைகளும் தலையை நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வர, நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். அப்படிப் பிறந்தவன் மூன்று முறை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு எல்லாம் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. விடிந்ததும் பல் விளக்காமல், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மிதிக்க வேண்டும். பதிலுக்குக் கைநீட்டி எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் பலிக்காது.

வாரத்துக்கு ஒருவராவது வாசலில் வந்து நிற்பார்கள். பூக்கார அக்கா வருவார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், “இதுக்கு சயின்ஸ்ல ஒரு ஆதாரமும் கிடையாது” என்று சொல்லிக்கொண்டே பனியனைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுப்பார். நான் தூக்கக் கலக்கத்தோடு ஏறி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்து இறங்குவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் எனக்குத் தெருவில் இருந்த மரியாதை படிப்பால் வந்ததல்ல, பாதத்தால் வந்தது.

இந்தத் தொழிலை எனக்குத் தொடங்கி வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்துப் போர்ஷன்தான் அவருடையது. சானடோரியம் ஸ்டேஷன் அருகில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்தார். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். அத்தை தைலம் தேடிக்கொண்டிருக்க, “தைலம் எதுக்கு, கால்ல பொறந்தவன்தான் வூட்லயே கீறானே” என்று என்னைத் தூக்கித் தன் முதுகில் நிறுத்திக்கொண்டாராம். மூன்றாவது மிதியில் எழுந்து நடந்துவிட்டாராம். அன்றிலிருந்து அத்தைக்கு என் கால்கள் மேல் தனி பக்தி. அத்தைக்குக் கோவளம் சொந்த ஊர். காக்கை கத்தினாலும் கணக்கு, பல்லி விழுந்தாலும் பலன் பார்ப்பவர். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தப் பயமெல்லாம் மாமாவைப் பற்றியதுதான்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஒரு மழைநாள் காலையில் அது நடந்தது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு ஆபீஸ் சார், தன் சைக்கிளைத் தவறிப்போய்க் கடைசி வரிசையில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். பெடலும் பெடலும் பின்னிக்கொண்டு நின்றதை மாமா குனிந்து, திரும்பி, ஒரே மூச்சில் தூக்கினார். இடுப்பில் ‘சுரீர்’ என்று ஏதோ வெட்டியது. வலி தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரை மின்சாரம் மாதிரிப் பாய்ந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாயில் போட்டார்கள்.

நான் அன்றைக்குப் பல் விளக்கி, நாலு இட்லியும் தின்றிருந்தேன். ஆகவே மறுநாள் விடியும் வரை மாமா முனகிக்கொண்டு காத்திருந்தார். விடிந்தது. தெருவே வந்து நின்றது. நான் ஏறினேன். முதல் மிதிக்குப் பல்லைக் கடித்தார். இரண்டாவதுக்குப் பாயைப் பிறாண்டினார். மூன்றாவது மிதிக்கு மாமா போட்ட அலறலைப் போல் அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. நாலு வயதில் பலித்த கால் பத்து வயதிலும் பலிக்கும் என்று நம்பியவர்கள், நடுவில் நான் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்துவிட்டதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாமாவின் காலை நான் முடமாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

பாங்க் சார்தான் வந்து பார்த்துவிட்டு, குரோம்பேட்டையில் மருந்துக்கடை மாடியில் பிசியோதெரபி செய்கிறார்கள், கத்தி இல்லாமலே சரியாகும், போ என்றார். அத்தை ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கரண்ட் வைத்தால் நரம்பு செத்துவிடும், அப்புறம் ஆபரேஷன்தான், அப்புறம் ஆளே எழுந்திருக்க மாட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளித் தாயத்து மந்திரித்து வாங்கிவந்தார்.

மாமா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய பிடிப்பு ஒரே நாளில் விடாது, இருபத்தோரு நாள் ஏரிக்கரை ஈரத்தில் கிழக்கே தலைவைத்துப் படுத்து மிதிவாங்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னார். அத்தை நம்பினார். காலையில் ஸ்டாண்டை அவரே பார்த்துக்கொண்டார். மாமா ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் நாலு அடி நடந்து, சந்தில் திரும்பி, ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறுவார். ஒரே ஸ்டேஷன் தூரம்தான், ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ஸ்டேஷன் வாசலில் அத்தை அல்லவா உட்கார்ந்திருந்தார்.

அங்கே வைத்தியம் பார்த்தவர் புதிதாகப் படித்துவிட்டு வந்த ஓர் இளம்பெண். மாமா அவரை டாக்டரம்மா என்றார். “டாக்டர் இல்லீங்க, பிசியோதெரபிஸ்ட்” என்று அவர் திருத்தினார். மாமா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்து, மறுபடி டாக்டரம்மாவுக்கே திரும்பினார். மாமாவைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்த அந்த அக்கா, முதுகில் யாராவது ஏறி மிதித்தார்களா என்று கேட்டார். மாமா அவசரமாக, சைக்கிள்தான் மேலே சாய்ந்தது என்றார். அந்த அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“சைக்கிளோ, ஆளோ, இனிமே எதுவும் இந்த முதுகு மேல ஏறக் கூடாது. நரம்பு ஏற்கெனவே அழுந்திப் போயிருக்கு.”

நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் பட்டை வைத்துக் கரண்டில் சூடேற்றுவார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் அத்தையின் தாயத்து கழன்று என் கைக்கு வரும். அப்புறம் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் வார் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டு இழுப்பார்கள். “கறிக்கடையில கெடா தொங்குற மாதிரி கீது மாப்ள” என்பார் மாமா. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கிய நாட்களும் உண்டு. கடைசியில் பயிற்சி. குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் பாம்பு மாதிரி எழுப்புவது. எழுந்திருக்கும்போது சட்டென்று எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் காலைக் கீழே போட்டுக் கையால் ஊன்றி எழுவது. எல்லாம் படத்தோடு ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வதும், ஒன் டூ த்ரீ என்று எண்ணுவதும் என் வேலை. மாமா நான் சொன்னபடியெல்லாம் கேட்டார். மிதித்து வந்த மரியாதையைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

வலி குதிகாலிலிருந்து மேலே ஏறி இடுப்புக்குத் திரும்பினால் குணமாகிறது என்று அர்த்தம் என்றார் அந்த அக்கா. மாமாவுக்கு அது ரயில் பாதையாகப் புரிந்தது. குதிகால் செங்கல்பட்டு, இடுப்பு தாம்பரம்.

“நேத்து கூடுவாஞ்சேரியில நின்னுச்சு டாக்டரம்மா. இன்னிக்கு வண்டலூர் தாண்டிடுச்சு.”

“சீக்கிரம் தாம்பரம் வந்துடும். நடுவுல சைக்கிளைத் தூக்கி சிக்னல் போட்டுடாதீங்க” என்பார் அவரும்.

பதினெட்டாம் நாள் வலி பெருங்களத்தூருக்கு வந்தே விட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. அது சனிக்கிழமை. வீட்டு முற்றத்தில் மாமாவை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை திடீரென்று கையை எடுத்தார்.

“தாயத்து எங்க?”

தாயத்து என் டவுசர் பையில் இருந்தது. காலையில் திருப்பிக் கட்ட மறந்துவிட்டோம். மாமா தூக்கத்தில் அவிழ்ந்திருக்கும் என்று இழுத்தார். அத்தை பாயை உதறினார், அலமாரிக்கடியில் துழாவினார். நான் நன்னெறி வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன். அத்தை அழப்போகும் முகத்தைப் பார்க்க முடியாமல் தாயத்தை எடுத்து நீட்டினேன். நீட்டியதோடு விட்டிருக்கலாம். குரோம்பேட்டை, மாடி, சூட்டுப் பட்டை, எடை, பஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் மிதிக்கவே இல்லை, மிஷினும் பயிற்சியும்தான் மாமாவைக் குணமாக்கின என்று பெருமையாகவே முடித்தேன்.

அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அருகில் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“கால்ல பொறந்தவன் மிதிச்சா கேக்காம போவாதுக்கா. எங்க ஊர்ல ஒரு தபா கூடத் தப்பினதில்ல. இவன் மெய்யாலுமே கால்ல பொறந்தவன்தானா?”

முறத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. மாமா முந்திக்கொண்டார்.

“இன்னாடி கேள்வி இது. கரண்டுல ஒரு மண்ணும் கேக்கல. மெயின் நரம்பு இன்னும் புடிச்சிகினுதான் கீது. அன்னிக்கி இவன் பயந்துகினு சரியா மிதிக்கல, அவ்ளோதான். மாப்ள, ஏறு.”

சொல்லிக்கொண்டே ஜன்னலோரம் சிமென்ட் தரையில் எண்ணெய் முதுகோடு குப்புறப் படுத்துவிட்டார். பதினெட்டு நாள் சூடு, இழுவை, பயிற்சி எல்லாம் அந்த முதுகில் இருந்தது. அந்த அக்கா சொன்னது என் காதில் இருந்தது. நான் சாப்பிட்டாயிற்று, இன்றைக்குப் பலிக்காது என்று சட்டம் பேசிப் பார்த்தேன். அது புதுப் பிடிப்புக்குத்தான், பழசுக்குப் பரவாயில்லை என்றார் மாமா. குனிந்து அவர் காதோரம், “அந்த அக்கா மிதிக்கக் கூடாதுன்னாங்க மாமா” என்றேன். மறுபடி வண்டி செங்கல்பட்டுக்குப் போய்விட்டால் யார் இழுத்து வருவது? மாமா தலையைத் திருப்பாமல், “ஏறுடா” என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு பேசியதே இல்லை. அத்தை என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். உடம்பின் பாரம் முழுவதையும் கைகளில் தூக்கிக்கொண்டு, பாதத்தை மட்டும் அந்த முதுகில் வைத்தேன். எண்ணெய் வழுக்கியது. கம்பி உள்ளங்கையை அறுத்தது. ஒன்று. இரண்டு. தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாவதற்கு என் கட்டைவிரல் பட்டதோ இல்லையோ, மாமா “ஆங்... விட்டுச்சு!” என்று கூவினார். ஒருக்களித்துத் திரும்பி, காலை மடக்கி, கையை ஊன்றி, தாளில் இருந்த படம் மாதிரியே எழுந்து நின்றார். முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்து காட்டினார்.

அத்தை பெருமூச்சு விட்டார். என் கன்னங்களை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தார். தாயத்தை மாமாவின் இடுப்பில் இரண்டு முடிச்சாகக் கட்டினார். அத்தோடு கரண்டுக்கு முழுக்குப் போடச் சொல்லுவார் என்று பயந்தேன். அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, மிச்சம் மூன்று நாளும் போய்வரச் சொன்னார். பாதியில் விட்டால் வைத்த கரண்ட் உடம்பிலேயே தங்கிவிடும் என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள் மாமாவின் வலி தாம்பரம் வந்து சேர்ந்தது.

எனக்கு மாமா மேல் கோபம். மிஷினுக்கும் அந்த அக்காவுக்கும் போக வேண்டிய பெயரைப் பொய் சொல்லி என் காலுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாரே என்று இரண்டு நாள் பேசவில்லை. பிறகு எதற்கு அந்தப் பொய் என்று நேராகவே கேட்டேன். உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது இல்லையா என்றார். மிதிக்கிற பெயர் எனக்கு வேண்டாம், படிக்கிற பெயர் போதும் என்றேன். மாமா விக்கல் வரும் அளவுக்குச் சிரித்தார். அத்தைக்குப் பயந்து சொல்கிறார், அதை ஒத்துக்கொள்ள வெட்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு நான் யார் முதுகிலும் ஏறவில்லை. பரீட்சை என்று சொல்லித் தப்பித்தேன்.

போன வருடம் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாக நர்ஸ் வெளியே வந்து சொன்னதும், கூட இருந்த உறவுக்காரர்கள் என்னை அவசரமாக வராந்தாவின் கோடிக்குத் தள்ளினார்கள். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதாம். அம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்தார்.

“நீ மட்டும் இன்னா. நீயும் கொடி சுத்திகினுதான் பொறந்தே. மாமாவுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். நர்ஸு சொன்னதை அவன்தான் மொதல்ல கேட்டான். உள்ள ஓடியாந்து, ‘அக்கா, கால்ல பொறந்தான்னு சொல்லிடு, என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா புள்ளைய என் கண்ணுலயே காட்ட மாட்டா’ன்னான்.”

நாலு வயதில் என்னைத் தூக்கி முதுகில் நிறுத்திக்கொண்டபோது அவருக்கு முதுகு பிடித்திருந்ததா என்று கேட்டேன். அம்மா அதற்கும் சிரித்தார்.

ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பையனுக்குக் கீழே கிடந்த முதுகைப் பற்றி மட்டும்தான் கவலை. கீழே கிடந்தவருக்கு அந்த முதுகைப் பற்றிக் கவலையே இல்லை, மேலே தொங்குகிறவனைப் பற்றித்தான் என்பது அவனுக்கு அப்போது எப்படித் தெரியும்.